ஹரிணியை ஏன் கல்லாவிக்கு அனுப்பவில்லை

மூக்கண்டப்பள்ளி
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து எழுதுவது

அன்பு மகன் ஜாக்சனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையால் நானும் அப்பாவும் ஹரிணியும் இங்கே நல்ல சுகமாயிருக்கிறோம். நீயும் அந்த ஹங்கேரிக் குளிரில் சளி, இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று காலையிலும் மாலையிலும் ஜெபிக்கிறோம். ஹரிணியும் இங்கே சுகம் என்று எழுதியதைப் படித்ததும் உனக்கு முகம் மாறியிருக்கும். அவள் இந்நேரம் கல்லாவியில் அவளுடைய அப்பா வீட்டில் அல்லவா இருக்க வேண்டும் என்று நினைப்பாய். அவள் போகவில்லை கண்ணு. போன ஞாயிற்றுக்கிழமை எல்லப்பன் சம்பந்தி வந்தார், நீ அவருக்குப் போன் செய்து கூப்பிட்டுப் போகச் சொன்னது அவர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். வந்தவர் சாப்பிட்டுவிட்டு, மகளை இங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். என்ன நடந்தது என்று உனக்கு ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போனில் சொன்னால் உன் அறையில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும். சந்தோஷ் தங்கச்சி கல்யாணம் முடிந்து புதன்கிழமை உங்கள் கம்பெனிக்கே திரும்புகிறான் அல்லவா, அவன் கையில் பூண்டு ஊறுகாய், பருப்புப் பொடி, அப்பா உனக்கென்று வாங்கிய பனியன் இவற்றோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். ஒட்டித்தான் கொடுக்கிறேன், அவன் பிரித்துப் படிக்கிற பிள்ளையும் இல்லை. நீ தனியாக இருக்கிற நேரத்தில் படி.

இங்கே மற்றபடி எல்லாம் நன்றாகவே போகிறது. அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட்டுக்குப் பிறகு பொழுது போகாதோ என்று பயந்தேன், இப்போது நம் தெரு மிக்ஸி, கிரைண்டர், மோட்டார் எல்லாம் நம் வாசலுக்குத்தான் வருகின்றன. பக்கத்து வீட்டுக் காவேரி அக்காவின் மிக்ஸி மட்டும் வாரா வாரம் வரும், அதில் ரிப்பேர் இருக்கிறதோ இல்லையோ, அக்காவுக்கு அப்பாவிடம் ஊர்க்கதை பேச ஒரு சாக்கு வேண்டும். கம்பெனியில் எனக்கு லைனில் வேலை கூடியிருக்கிறது, புதுசாக ஒரு லைன் போட்டிருக்கிறார்கள், அதற்கும் என்னையே லைன் லீடராகப் போட்டார்கள். முழங்கால் வலி முன்னைப் போல இல்லை. மழை ஒரு நாள் நன்றாக அடித்தது, போர்வெல்லில் தண்ணீர் வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீயும் ஹரிணியும் பிப்ரவரியிலிருந்து போனில் சண்டை போடுவது எனக்குத் தெரியாது என்று நீங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். இந்த வீட்டில் ஒரு அறையில் தும்மினால் அடுத்த அறையில் கேட்கும். மாதத்தில் மூன்று வாரம் சிரித்துப் பேசுகிறவள், ஒரு வாரம் மட்டும் குரலை உயர்த்துவாள், அழுவாள், நீ போனை வைத்துவிடுவாய். அதற்குப் பிறகு அவள் சாப்பிட மாட்டாள். தலை வலிக்கிறது, மார்பு கனக்கிறது, கால் வீங்கினாற்போல் இருக்கிறது என்பாள், மறுநாள் வேலைக்குப் போகும்போது கண் சிவந்திருக்கும். ஒருமுறை பாத்திரம் துலக்கிக்கொண்டே, நான் எதுக்கும் லாயக்கில்ல அத்தை என்றாள். ஆனால் இரண்டு மூன்று நாள் கழித்து மெடிக்கலில் போய்ப் பேப்பர் சுற்றிய பாக்கெட் ஒன்று வாங்கி வருவாள், அன்று சாயங்காலமே ஆள் வேறு ஆளாகிவிடுவாள். அடுக்களையை முழுக்கத் துடைப்பாள், அப்பாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைப்பாள், உனக்கு மன்னிப்புக் கேட்டு மெசேஜ் அனுப்புவாள். நீ ஒரு கட்டைவிரலைப் போட்டு அனுப்புவாய். இதே கதை பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். எங்கள் லைனில் கழித்துப்போடுகிற ரிஜெக்ட் பீஸ் கூடினால் முதல் வேலையாக ஆப்பரேட்டரைத் திட்டக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எந்த ஷிப்டில் கூடுகிறது, எந்த வாரம் கூடுகிறது, அதற்கு முன்னால் என்ன மாறியது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபோதுதான் சண்டை வருவது எப்போதும் அந்த பாக்கெட்டுக்கு முந்தின வாரம் என்று எனக்குப் புரிந்தது. பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்குக்கு முன்னால் சிலருக்கு உடம்பும் மனசும் இப்படிப் படுத்தும் கண்ணு. அம்மா மகனுக்கு எழுதுகிற விஷயமா இது என்று கூச்சப்படாதே. கட்டினவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் கம்பெனிக்குத் தைவானிலிருந்து மெஷின் பயிற்சிக்கு ஒரு பொறியாளர் வந்திருக்கிறார், லியூ மேடம் என்று பெயர், என்னைவிடப் பத்து வயது இளையவர். கேன்டீனில் எல்லாரும் ஐஸ் வாட்டர் பிடித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் வெயில் காலத்திலும் சுடுதண்ணீர் கேட்பார். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். ஒருநாள் மீட்டிங்கில் மேசைக்குக் கீழே தன் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தார். என்ன மேடம் என்று கேட்டேன். என்னுடைய ஓட்டை இங்கிலீஷும் அவருடைய ஓட்டை இங்கிலீஷும் எப்படியோ பொருந்தும். தனக்கு நாள் நெருங்குகிறது, அந்த வாரம் எல்லார்மேலும் கோபம் வரும், அதற்குத்தான் அழுத்துகிறேன், அம்மா சொல்லிக் கொடுத்தது என்றார். எனக்கு உடனே ஹரிணி நினைப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வீட்டுக்கு வாருங்கள் என்று அழைத்தேன். வந்தார். கோழிக்குழம்பை மூக்கில் தண்ணீர் வர வரச் சாப்பிட்டார், அப்பாவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். சாப்பிட்ட பிறகு ஹரிணியைப் பக்கத்தில் உட்காரவைத்து, பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அவள் கூச்சத்தில் நெளிந்தாள். அழுத்துவதற்கு முன்னால் லியூ மேடம் ஒரு கேள்வி கேட்டார், வயிற்றில் குழந்தை ஏதும் இருக்கிறதா என்று. கர்ப்பமாக இருந்தால் அந்த இடத்தை அழுத்தக் கூடாது என்பது அவர்கள் வைத்தியத்தில் கண்டிப்பாம். ஹரிணி இல்லை என்று தலையாட்டினாள். ஆட்டிவிட்டு எழுந்து அடுக்களைக்குள் போனவள், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் வரவில்லை. அந்த வாரம்தானே, அதனால் அழுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அது அப்படி இல்லை என்று பிறகுதான் தெரிந்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

முகம் கழுவிக்கொண்டு வந்ததும் லியூ மேடம் ஒன்றும் கேட்காமல் மறுபடி பாதத்தை எடுத்துக்கொண்டார். உள்பக்கக் கணுக்காலில் துருத்தி நிற்கிற எலும்பிலிருந்து அவளுடைய கையாலேயே நான்கு விரல் மேலே அளந்து, எலும்பை ஒட்டிப் பின்னால் கட்டைவிரலை வைத்து, மூச்சை மெதுவாக விடச் சொல்லி அழுத்தினார். அந்த இடத்தில் உடம்புக்குள் ஓடுகிற மூன்று ஓட்டங்கள் வந்து சேருகின்றனவாம். கோபமும் அழுகையும் உள்ளே ஓட்டம் தடைப்படுவதால் வருகிறது, கல்லீரல் பக்கம் இறுகிக்கொள்கிறது என்பது சீன வைத்தியக் கணக்கு. அப்பாவுக்கு இது சட்டென்று பிடித்துப் போயிற்று. முப்பது வருஷம் மெயின்டனன்ஸில் இருந்தவர் அல்லவா, கூலன்ட் லைன்ல அடைப்பு வந்தா மெஷின் சூடாவும், அடைப்ப எடுத்தா தானா ஓடும், இதுல என்ன ஆச்சரியம் என்று எனக்கே பாடம் எடுத்தார். இஞ்சியைத் தட்டிப் போட்டு, பேரீச்சம்பழமும் வெல்லமும் சேர்த்துக் கொதிக்கவைத்து, நாள் நெருங்குகிற வாரத்தில் தினம் ஒரு டம்ளர் குடிக்கச் சொன்னார் லியூ மேடம். அவர்கள் ஊரில் சிவப்பாக வேறு ஒரு பழம் போடுவார்களாம், இங்கே இது போதும் என்றார். ராத்திரி படுக்கும் முன் பொறுக்கிற சூட்டில் தண்ணீர் வைத்துக் கால் ஊறவைக்க வேண்டும், பிரிஜ் தண்ணீர் கூடாது. போகும்போது பையிலிருந்து கறுப்பாக உருண்டை மாத்திரைகள் ஒரு பெட்டி கொடுத்தார். அதை மட்டும் நான் அலமாரியில் வைத்துவிட்டேன். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரைத் தவிர யாருக்கும் படிக்கத் தெரியாத ஒன்றைப் பிள்ளைக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒரு லேடி டாக்டர், பொறுமையானவர். எல்லாம் கேட்டுக்கொண்டார். நான் கொண்டுபோயிருந்த மாத்திரை உருண்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, இதில் என்ன மூலிகை இருக்கிறது என்று தெரியாமல் சாப்பிட வேண்டாம், இஞ்சித் தண்ணீரும் கால் அழுத்துவதும் கெடுதல் இல்லை, இதம் கொடுத்தால் செய்யட்டும் என்றார். இரத்தம் குறைவாக இருந்தது, அதற்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். காபியையும் உப்பையும் குறை, ஊறுகாய் அப்பளம் அந்த வாரம் வேண்டாம், கேழ்வரகு, கீரை, எள் சேர்த்துக்கொள், தினமும் நட என்றார். வெளியே வருமுன் அவளை மட்டும் இருக்கச் சொல்லிப் பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை, அவளே பஸ்ஸில் சொன்னாள். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று எப்போதாவது தோன்றினால் மாதம் எது, வாரம் எது என்று பார்க்காமல் உடனே வந்துவிடு, அதற்கு வைத்தியம் இருக்கிறது என்றாராம். அப்படித் தோணுச்சா உனக்கு என்று கேட்டேன். இல்ல அத்தை, ஆனா எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சோன்னு மூணு மாசமா பயந்துகினு இருந்தன், யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல என்றாள். பஸ்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

ராயக்கோட்டை ரோட்டில் ஒரு அக்குபங்சர் டாக்டரம்மா இருக்கிறார், கன்னடக்காரர். அந்த லேடி டாக்டரைக் கேட்டுக்கொண்டு அவரிடமும் போனோம். ஊசி என்றதும் ஹரிணி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். ஸ்வல்ப நோவும்மா, கொசு கடிக்கிறது இதவிட ஜாஸ்தி என்று அந்த அம்மா பேசிக்கொண்டே மயிர் போன்ற ஊசிகளைக் காலிலும் கையிலும் குத்திவிட்டார். நான் பயத்தில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் நம் பெண் ஊசிகளோடு குறட்டை விட்டுத் தூங்குகிறாள். எத்தனை மாதம் அப்படித் தூங்காமல் இருந்தாளோ. எழுப்ப மனசில்லாமல் அந்த அம்மா அடுத்த ஆளைப் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றினார். இப்போது வாரம் ஒருமுறை போய் வருகிறாள். ஊசியால் நன்றாயிற்றா, இரத்தம் ஏறியதால் நன்றாயிற்றா, இல்லை தனக்கு என்ன என்று தெரிந்துகொண்டதாலேயே பாதி குறைந்ததா என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தலைவலி குறைந்திருக்கிறது, கால் வீக்கம் இல்லை, தூங்குகிறாள். அழுகை வருகிறது, ஆனால் இது போய்விடும் என்று தெரிந்து அழுகிறாள். அது வேறு அழுகை.

இடையில் ஒன்று சொன்னாள், எனக்கு அது உறைத்தது. கல்லாவியில் அவர்கள் வீட்டில் தூரம் என்று மூன்று நாள் தனியாக உட்காரவைப்பார்களாம், தனித் தட்டு, தனிப் பாய். அது எனக்குப் புடிக்காது அத்தை, ஆனா அந்த மூணு நாளு யாரும் ஒரு வேலை சொல்ல மாட்டாங்க, இங்க எல்லாரும் தொட்டுப் பழகறீங்க, வேலையும் சொல்றீங்க என்றாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அன்றிலிருந்து ராத்திரிப் பாத்திரத்தைத் தன் வேலை ஆக்கிக்கொண்டார். ஒரு பாத்திரமும் சுத்தமாவதில்லை, நான் காலையில் மறுபடி கழுவிக்கொள்கிறேன்.

அப்பா அதோடு விட்டாரா. இவருக்கு எது கிடைத்தாலும் மெயின்டனன்ஸ் ஆக்கிவிட வேண்டும். மாதத்தில் அந்த வாரத்துக்கு மெயின்டனன்ஸ் வாரம் என்று பெயர் வைத்தார். அந்த வாரம் டிவி சத்தத்தைக் குறைப்பார், அவள் என்ன சொன்னாலும் சரிம்மா என்பார், பாகற்காயை முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். அவளும் முதலில் சிரித்தாள். நான் என்ன மெஷினா மாமா, கிரீஸ் போடப் போறீங்களா என்று கிண்டல் செய்தாள். நன்றாகத்தான் இருந்தது. போன வாரத்துக்கு முந்தின வாரம் நீ பேசும்போது மறுபடி சண்டை வந்ததே, நீ போனைக் கட் செய்தாயே, அன்றைக்கு அவள் அடுக்களையில் நின்று, அவரு பண்றது சரியில்ல மாமா என்று சொல்ல வாயெடுத்தாள். அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், விடும்மா, தேதி வந்துருச்சில்ல, ரெண்டு நாள்ல சரியாயிடும் என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். கத்தவில்லை. மாமா, தேதி வந்தா நான் பொய் பேசுவனா என்று கேட்டாள்.

அப்பா டிவியை அணைத்துவிட்டு, உட்காரும்மா, சொல்லு என்றார். அப்போதுதான் சொன்னாள். நீ கிறிஸ்துமஸுக்கு வந்துவிட்டுப் போன பிறகு ஜனவரியில் அவளுக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது. எங்களிடம்கூடச் சொல்லாமல் உன்னிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்திருக்கிறாள். பிறகு ஒருநாள் மாதவிலக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் உனக்குப் போன் செய்திருக்கிறாள். நீ எப்போதும்போல ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சமைத்துக்கொண்டிருந்தாய். அவள் அழுதுகொண்டே சொன்னது உன் அறை முழுக்கக் கேட்டது, யாரோ ஒருவன் ஏதோ சொன்னான், எல்லாரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய், சிரித்துக்கொண்டே அப்புறம் பேசலாம் என்றாய். அந்த அப்புறம் இன்றுவரைக்கும் வரவில்லையாம். லியூ மேடம் குழந்தை இருக்கிறதா என்று கேட்டபோது அவள் ஏன் உள்ளே போனாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கண்ணு, நீ வேண்டுமென்று செய்திருக்க மாட்டாய். உனக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்திருக்கும், நாலு பேர் முன்னால் அதை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் சிரித்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா. ஆனால் அவள் கேட்டது சிரிப்பைத்தான். மூன்று வாரம் அதைப் பொறுத்துக்கொண்டு, உனக்கு வேலை கஷ்டம் என்று தனக்கே சொல்லிக்கொண்டு சிரித்துப் பேசுகிறாள். நாலாவது வாரம் பொறுக்க முடியாமல் சொல்லிவிடுகிறாள். அந்த வாரம் அவளுக்குப் பொறுமை இல்லாமல் போகிறதே தவிர, அவள் சொல்வது இல்லாத ஒன்று இல்லை. உடம்புக்கு இஞ்சித் தண்ணீரும் ஊசியும் போதும். இதற்கு நீதான் மருந்து.

இனி எல்லப்பன் சம்பந்தி வந்ததைச் சொல்கிறேன். நாங்கள் ஆராதனை முடிந்து வரும்போது அவரும் ருக்மணி சம்பந்தியும் வாசலில் நிற்கிறார்கள், கையில் ஒரு பெரிய பை. உள்ளே வந்து உட்கார்ந்தும் பையை மடியிலேயே வைத்திருந்தார். மாம்பழம் கொண்டாரலாம்னு எடுத்தன், பறிக்க நேரமில்ல என்றார். பை காலியாக இருந்தது. மகளுடைய துணிமணிக்கு என்று கொண்டுவந்த பை, சொல்ல வாய் வரவில்லை அவருக்கு. அப்பா காபி கொடுத்துக் கேட்டதும்தான் உடைத்துச் சொன்னார். மாப்ள போன் பண்ணி, பொண்ண கொஞ்ச நாளு கூட்டிம்போங்கன்னாரு. கொஞ்ச நாளுன்னா எவ்ளோ நாளுங்க மாப்ளன்னு கேட்டன், அவரு ஒண்ணும் சொல்லல, நானும் மேல கேக்கல, எம்பொண்ணு என்னா தப்பு பண்ணிச்சின்னு நீங்களாச்சும் சொல்லுங்க சம்மந்தி என்றார். வெயிலில் உழைத்த மனிதர், நம் வீட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு அப்படிக் கேட்டதை நீ பார்த்திருக்க வேண்டும். அவர்கள் வேதம் வேறு, நம் வேதம் வேறு, சாதி சனம் என்ன சொல்லுமோ என்று எவ்வளவு யோசித்து உனக்குப் பெண் கொடுத்தார். அவள் அந்தப் பையோடு ஊரில் இறங்கியிருந்தால் அவர் தலை நிமிர்ந்திருக்குமா. அவ ஒரு தப்பும் பண்ணல சம்பந்தி, தப்பு எங்க பக்கம் என்று அப்பா சொன்னார். உன்னை விட்டுக்கொடுத்துப் பேசியதாக நினைக்காதே.

ஆம்பிளைகள் இருவரும் வெளியே மோட்டாரைப் பார்க்கப் போன பிறகு ருக்மணி சம்பந்தியிடம் நான் எல்லாம் சொன்னேன். கணுக்காலுக்கு மேலே அளந்து காட்டினேன். அவர் தன் காலில் அழுத்திப் பார்த்துக்கொண்டே, எனக்கும் அப்பிடித்தாங்க, அந்த வாரம் வந்தா இவரு மாட்டப் புடிச்சிகினு காட்டுப் பக்கம் போயிடுவாரு, சாயங்காலந்தான் வருவாரு, நான் மொறச்சா இவருக்கும் மாட்டுக்கும் ஒரே பயம் என்றார். ஹரிணி அப்படிச் சிரித்து நான் மாதக்கணக்கில் பார்க்கவில்லை. சாப்பாடு முடிந்து எல்லப்பன் சம்பந்தி மகளைப் பார்த்து, வர்றியாம்மா, இருக்கிறியா, உன் இஷ்டம் என்று கேட்டார். எனக்கு உள்ளுக்குள் பயம்தான், போகிறேன் என்று அவள் சொல்லியிருந்தால் தடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது. அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். திருவிழாவுக்கு வர்றன்பா, நாலு நாள் இருப்பன், ஆனா அவரு அனுப்பி வெச்சி நான் வரமாட்டன், இதுவும் என் வீடுதான் என்றாள். சம்பந்தி பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். போகும்போது என் முன்னால் கைகூப்பினார். நான் என்ன செய்துவிட்டேன், எனக்கு வெட்கமாகிவிட்டது.

இப்போது உனக்குச் சொல்கிறேன், கோபிக்காமல் கேள். இனி அவளிடம் பேசும்போது ஸ்பீக்கரில் போடாதே. அறையில் ஆள் இருந்தால் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு மாடிப்படிக்குப் போய்ப் பேசு, பேச்சு குறைந்தாலும் பரவாயில்லை. ஜனவரியில் நடந்ததை நீயாக எடுத்துப் பேசு, அவள் எடுக்கும்வரைக் காத்திருக்காதே. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அவள் கோபப்படும்போதெல்லாம் தேதி என்ன என்று மட்டும் கேட்டுவிடாதே, உன் அப்பா பட்டது போதும். எல்லப்பன் மாமாவுக்கு நீயே போன் செய், கொஞ்ச நாள் என்று சொன்னாயே, அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள். லீவு கிடைத்தால் ஆகஸ்டில் ஒருமுறை வந்து போ. பிள்ளை பாக்கியம் கர்த்தர் தருகிறபோது தருவார், அதைப் பற்றி இங்கே யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை, கேட்கவும் விடமாட்டேன்.

உன்னுடைய போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. உன் கைகளின் வேலையை ஆசீர்வதித்து, உன்னையும் ஹரிணியையும் சீக்கிரம் ஒரே கூரையின் கீழ் சேர்த்து வைப்பாராக. அப்பா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். ஊறுகாயில் எண்ணெய் மேலே நிற்க வேண்டும், ஈரக் கரண்டி போடாதே. ராத்திரி இதை எழுதி முடிக்கிற நேரத்தில் ஹரிணி கால் ஊறவைக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள், அவருக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். படிக்கிறாயா என்று நீட்டினேன், வேண்டாம் என்று தலையாட்டினாள். காலைத் தண்ணீரில் இறக்கிவைத்துவிட்டு, ஒண்ணு மட்டும் சேத்து எழுதுங்க அத்தை என்றாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன், மறந்துவிடாதே. அடுத்த மாசமும் சண்டை போடுவன், போனை மட்டும் வெக்க வேணான்னு சொல்லுங்க.

என்றும் உன் நலம் வேண்டும்,
உன் அம்மா
அ. ஜெபசீலி